தோட்டக்காரனை ஏன் உடனே சந்தேகப்பட்டோம்?

நாங்கள் ஐந்து பேர். எல்லாரும் பதுளை மாவட்டத் தோட்டங்களிலிருந்து கலைப்பீடத்துக்கு வந்தவர்கள். போன விடுமுறைக்கு முன்னால் எங்களுக்கு ஒரு ஆங்கில நாவல் கிடைத்தது. ஒரே ஒரு பிரதிதான். ஆளுக்கு ஒரு வாரம் என்று கணக்குப் போட்டு, பசறையில் ஒருவர், ஹாலி எலயில் ஒருவர், மடுல்சீமையில் ஒருவர் என்று பஸ்ஸில் கொடுத்தனுப்பி வாசித்தோம். எங்கள் ஆங்கிலம் அப்படியொன்றும் பெரிசில்லை. போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்தோம்.

பாதிவரைக்கும் வந்ததும் ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் போட்ட மெசேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "அந்தத் தோட்டக்காரன் நாசமாப் போவான்."

ஐந்து பேரும் அதையேதான் சொன்னோம். அந்த மெசேஜ்களை இப்போது திரும்பிப் படிக்க எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து வந்தது.

நாவலின் பெயர் 'வாட் லைஸ் பிட்வீன் அஸ்'. எழுதியவர் நயோமி முனவீர. 2016இல் வந்தது. இலங்கையில் பிறந்து, சிறுவயதை நைஜீரியாவில் கழித்து, பிறகு அமெரிக்காவில் குடியேறியவர். 2012இல் வந்த அவருடைய முதல் நாவல் 'ஐலண்ட் ஒஃப் எ தவுசண்ட் மிரர்ஸ்' யுத்தத்தைப் பற்றியது, பொதுநலவாயப் பரிசில் ஆசியப் பிராந்தியத்துக்கான விருதை வாங்கியது. இந்த இரண்டாவது நாவலில் யுத்தம் பின்னால் போய்விடுகிறது. ஒரு வீட்டுக்குள் நடந்ததைப் பற்றிய கதை இது. 'நமக்கிடையே கிடப்பது எது' என்றும் தலைப்பை வாசிக்கலாம், 'நமக்கிடையேயான பொய்கள்' என்றும் வாசிக்கலாம். இரண்டுமே பொருந்துகிறது.

இரண்டு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒன்று, முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது. தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் பிறகு வாருங்கள். இரண்டு, இது சிறுவயதுப் பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய பேச்சு. மனசு சரியில்லாத நாளில் இதைப் படிக்க வேண்டாம். இன்னொரு நாள் படித்தால் போதும்.

கதை இதுதான். ஒரு பெண் சிறையிலிருந்து பேசுகிறாள். ஒரு தாய் செய்யவே கூடாத குற்றத்தைச் செய்துவிட்டு உள்ளே இருக்கிறாள் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. அங்கேயிருந்து தன் சிறுவயதுக்குப் போகிறாள். கண்டிப் பக்கம் ஒரு பெரிய வீடு, பக்கத்தில் ஆறு. அப்பா பேராதனையில் வரலாறு படிப்பிக்கிறவர். அம்மா ஒரு நேரம் அள்ளிக் கொஞ்சுவாள், ஒரு நேரம் கதவைச் சாத்திக்கொள்வாள். சமையலுக்கு சீதா, தோட்டத்துக்கு சாம்சன். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு கொடுமை நடக்கிறது. பிறகு ஒரு நாள் அப்பா ஆற்றில் மூழ்கிச் சாகிறார். சாம்சன் காணாமல் போகிறான். தாயும் மகளும் அமெரிக்காவில் சின்னம்மா வீட்டுக்குப் போகிறார்கள். அவள் நர்ஸ் ஆகிறாள், டேனியல் என்ற ஓவியனைக் கல்யாணம் செய்கிறாள், போதி என்று ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. குழந்தை வளர வளரப் பழையதெல்லாம் திரும்பி வருகிறது. யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பெற்ற தகப்பன் குழந்தையைத் தூக்கினாலும் பயம்.

தனக்கு அதைச் செய்தது சாம்சன் என்றுதான் அவள் இவ்வளவு காலமும் நம்பியிருந்தாள். நாவலின் கடைசிப் பகுதியில்தான் உண்மை வெளியே வருகிறது. செய்தது சாம்சன் இல்லை. அவளுடைய அப்பா.

முதலில் இந்த நாவலின் பலத்தைச் சொல்கிறோம்.

கதை சொல்கிறவளே சாம்சன்தான் என்று நம்பும்போது வாசகர் நம்புவதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களில் ஒருத்தருக்குக்கூட ஒரு நிமிஷம் சந்தேகம் வரவில்லையே, அது ஏன்? அந்த வீட்டில் இரண்டு ஆம்பிளைகள் இருக்கிறார்கள். ஒருவர் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர். மற்றவன் மண்வெட்டியோடு நிற்கிறவன், ஒரே பெயரால் அழைக்கப்படுகிறவன். குற்றம் என்றதும் எங்கள் கண் நேரே மண்வெட்டி பிடித்த கையிடம் போய்விட்டது.

இதில் எங்களுக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. சாம்சன் அந்த வீட்டுத் தோட்டக்காரன். எங்களைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், ஏன், பதுளை டவுணிலேயேகூட, 'தோட்டக்காட்டான்' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிச் செய்தி வந்தால் போதும், "தோட்டத்துல குடி அதிகம், படிப்பில்லை, லயத்துல ஒரே காம்பிராவுல எல்லாரும் படுக்கிறாங்க, அங்கதான் இதெல்லாம் நடக்கும்" என்று விளக்கம் சொல்ல ஆள் இருக்கிறது. முதல் வருஷத்தில் ஒரு வகுப்பில் இதே விளக்கத்தை ஒருவர் சொன்னபோது எங்களுக்குக் கோபம் வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே நாங்களும் சாம்சனைச் சபித்திருக்கிறோம். எங்கள் மேல் விழுந்த சந்தேகத்தையே எடுத்து இன்னொரு ஏழை மேல் போட்டிருக்கிறோம்.

துஷ்பிரயோகம் ஏழைகளின் வியாதி என்ற கதையைக் குடும்பப் பெயர் உள்ள, படித்த, பூச்செடி வைத்த ஒரு வீட்டுக்குள் வைத்து முனவீர உடைக்கிறார். அந்தக் கதையை நாங்கள் எவ்வளவு லேசாக நம்புகிறோம் என்பதையும் எங்களை வைத்தே காட்டிவிடுகிறார். எங்களுக்குத் தெரிந்து இந்த நாவலின் பெரிய பலம் இதுதான்.

அடுத்த பலம், நினைவை அவர் கையாளும் விதம். தன்னைத் தூக்கி வளர்த்த கைதான் தன்னைக் காயப்படுத்தியது என்பதை ஒரு சின்னப்பிள்ளையின் மனசு தாங்காது. அப்பாவை வைத்திருக்க வேண்டும், நடந்ததும் மறக்க மாட்டேன் என்கிறது. அதனால் அந்தப் பிள்ளையின் மனசு முகத்தை மாற்றிக்கொள்கிறது. இந்த நாவலில் அது பொய் இல்லை. அவள் உயிர் பிழைப்பதற்குச் செய்த வேலை. "அப்பவே ஏன் சொல்லல?", "ஏன் மாத்தி மாத்திச் சொல்ற?" என்று பாதிக்கப்பட்ட பிள்ளைகளிடம் கேட்கிற ஒவ்வொருவரும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, அம்மா. இந்த இடத்தில் எங்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். யார், எந்த ஊர் என்று எழுத மாட்டோம். எங்களில் அவள் மட்டும் புத்தகத்தை முடிக்காமல் திருப்பித் தந்தாள். ரொம்ப நாள் கழித்துத்தான் காரணம் சொன்னாள். ஒன்பது வயதில் அவளுக்கும் நடந்திருக்கிறது. செய்தது வீட்டுக்கு வந்து போகிற நெருங்கிய சொந்தம். அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா அழுதுவிட்டு, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னது: "வெளிய சொல்லிறாத புள்ள. அக்காவுக்குக் கல்யாணம் ஆகணும்."

"இந்தப் புத்தகத்துல அந்த அம்மாவை மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள்.

முனவீரவின் அம்மா பாத்திரம் அரக்கியும் இல்லை, தெய்வமும் இல்லை. அவளுக்கும் ஒரு பழைய காயம் இருக்கலாம் என்று படிக்கும்போது தோன்றிக்கொண்டே இருக்கிறது. சிங்களத்தில் 'லஜ்ஜா பய' என்பார்கள், வெட்கமும் பயமும் சேர்ந்து ஒரு பிள்ளையை 'ஒழுங்காக' வளர்ப்பது. நாங்கள் மானம் மரியாதை என்கிறோம். சொல் வேறு, வேலை ஒன்றுதான். வெட்கம் எப்போதும் செய்தவனை விட்டுவிட்டுப் பிள்ளை பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இனி எங்களுக்குப் பிடிக்காததைச் சொல்கிறோம்.

முதல் குறை, உண்மையை ஒரு மர்மக் கதையின் கடைசி முடிச்சுப் போல வைத்திருப்பது. 'யார் செய்தது?' என்ற கேள்வியே கதையை இழுத்துக்கொண்டு போகிறது. எங்களைப் போன்ற வாசகர்களின் முன்முடிவை உடைக்க இந்த உத்தி உதவியது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. உண்மை தெரிந்த பிறகு அவள் எப்படி வாழ்வாள் என்பதுதான் கதையின் கனமான இடம். அதற்குப் பக்கங்களே மிச்சமில்லை. முடிச்சு அவிழ்ந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அப்பா என்ற மனுஷனை நாம் அதற்குப் பிறகு பார்ப்பதே இல்லை. டோனி மோரிசனின் 'த புளூயெஸ்ட் ஐ' (1970) நாவலிலும் தகப்பன்தான் செய்கிறான். ஆனால் அது யார் என்று மோரிசன் ஒளிப்பதில்லை. முதல் சில பக்கங்களிலேயே சொல்லிவிட்டு, எப்படி நடந்தது, ஊர் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்கப் போகிறார். அதனால் அந்தக் கதை மனசில் இன்னும் கனமாக உட்காருகிறது.

இரண்டாவது குறை சாம்சன். அவன் குற்றவாளி இல்லை என்று தெரிந்த பிறகும் அவனுக்கு நாவலில் ஒரு குரல் கிடைப்பதில்லை. அவன் எங்கே போனான், அவனுக்கு ஒரு வீடு இருந்ததா, பிள்ளைகள் இருந்தார்களா? செய்யாத குற்றத்தின் நிழலோடு இருந்த ஒரு மனுஷன் கதாநாயகியின் நினைவைத் திருத்துவதற்கு மட்டும் பயன்பட்டுவிட்டுப் போய்விடுகிறான். அவனைச் சந்தேகித்த எங்களை வெட்கப்பட வைத்த நாவல், அவனை மனுஷனாகப் பார்க்க எங்களுக்கு ஒரு அத்தியாயம்கூடத் தரவில்லை.

சீதாவும் அப்படித்தான். பெரிய வீட்டுச் சமையலறையில் நிற்கிற பெண்களை எங்களுக்குத் தெரியும். அவர்கள் எங்கள் அக்காமார், அத்தைமார். ஓ.எல். கூட எழுதாமல் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள். 2021 ஜூலையில், கொழும்பில் ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டில் வேலைக்கு இருந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு தேசிய வைத்தியசாலையில் இறந்துபோனாள். மலையகம் முழுக்க அன்றைக்கு ரோட்டில் நின்றது. பெரிய வீடுகளில் ஆபத்தில் இருக்கிற பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் இல்லை. சமையலறையில் பாய் விரித்துப் படுக்கிற பிள்ளையும்தான். இந்த நாவலின் கண் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. எழுதியவரின் உலகம் அது இல்லை என்பது புரிகிறது. ஆனால் படிக்கிற எங்கள் உலகம் அதுதானே.

மூன்றாவது குறைதான் எங்களுக்குள்ளே சண்டை வந்த இடம். நாவல் ஒரு கரடிக் கதையோடு தொடங்குகிறது. பித்தநீருக்காகக் கூண்டில் அடைக்கப்பட்ட ஒரு தாய்க்கரடி, தன் குட்டியின் வேதனை தாங்காமல் அதைக் கொன்றுவிட்டுத் தானும் சாகிறது. முதல் பக்கத்திலேயே முடிவு எழுதப்பட்டுவிட்டது. பாதிக்கப்பட்ட பெண் தாயாகிறாள், தாயானதால் பைத்தியத்தின் விளிம்புக்குப் போகிறாள், கடைசியில் தன் குழந்தையையே கொல்கிறாள். நடுவில் அவள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அங்கேதான் போய்ச் சேர்வாள் என்பது போலக் கதை நகர்கிறது.

எங்களில் இரண்டு பேர் இதை நியாயப்படுத்தினார்கள். "கதை துக்கமா முடியக் கூடாதுன்னு சட்டமா? எல்லாரும் மீண்டு வர்றதில்லையே" என்றார்கள். உண்மைதான். ஹன்யா யானகிஹாராவின் 'எ லிட்டில் லைஃப்' (2015) நாவலுக்கும் இதே வாதம் சொல்லப்படுகிறது. இன்ஸ்டாகிராமில் அழுதுகொண்டே பேசுவார்களே, அதே புத்தகம்தான். ஒருபோதும் குணமாகாத ஒரு மனுஷனை எழுதத்தான் விரும்பினேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எழுத்தாளருக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஆனால் புத்தகத்தை முடிக்காமல் தந்தவள் கேட்ட கேள்வி வேறு. முடிவை நாங்கள்தான் அவளுக்குச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ எனக்கும் கடைசியில இப்படித்தான்னு சொல்றாங்களா?" என்றாள்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பாத்திரம் மீளாமல் போவது வேறு, மீளவே முடியாது என்று கதையின் கட்டமைப்பே சொல்வது வேறு. இந்த நாவலில் அவள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். அப்படியிருந்தும் அவளைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு டொக்டரோ ஒரு தோழியோ கடைசிவரை வந்து சேர்வதில்லை. முடிவுக்காக வழியெல்லாம் அடைத்துவிட்டார்களோ என்று தோன்றியது. 'சிறுவயதில் இப்படி நடந்தவர்கள் ஆபத்தானவர்கள், நல்ல தாயாக முடியாது' என்று ஊரில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது. பிள்ளைகளின் வாயை மூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பேச்சுக்கு இந்த நாவல், தான் அறியாமலே, ஒரு சாட்சி சொல்லிவிடுகிறது.

எதிர்ப் பக்கத்தில் மாயா ஏஞ்சலோவை வைத்துப் பாருங்கள். 1969இல் வந்த 'ஐ நோ வை த கேஜ்ட் பேர்ட் சிங்ஸ்' அவருடைய சொந்தக் கதை. ஏழெட்டு வயதில் அம்மாவின் காதலனால் துஷ்பிரயோகம் செய்யப்பட்டார். அதைச் சொன்ன பிறகு அந்த ஆள் கொல்லப்பட்டான். தன் குரல்தான் ஒருவனைக் கொன்றது என்று பயந்து வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தார். பிறகு ஊரில் ஒரு பெண்மணி அவரைக் கூப்பிட்டு, புத்தகம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். இதில் மாயாஜாலம் எதுவும் இல்லை. காயம் ஆறிவிட்டது என்றும் அவர் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆள் வந்தார். ஏஞ்சலோ அதற்குப் பிறகு ஒரு மகனை வளர்த்தார், புத்தகம் புத்தகமாக எழுதினார், 86 வயதுவரை வாழ்ந்தார். இதுவும் நடக்கிற விஷயம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மலையக இலக்கியம் வெளியே இருந்து வந்த கொடுமையை நன்றாகவே எழுதியிருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளையிலிருந்து தெளிவத்தை ஜோசப் வரைக்கும் துரையையும் கங்காணியையும் நாடற்றவர்களாக்கிய சட்டத்தையும் படித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் லயத்துக் கதவைச் சாத்திய பிறகு உள்ளே நடப்பதைப் பற்றி நாங்கள் படித்தது கொஞ்சம்தான். வெளியாட்கள் ஏற்கெனவே நம்மைக் கேவலமாகப் பார்க்கிறார்கள், நாமே எழுதிக் கொடுக்க வேண்டுமா என்ற தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. இந்தக் கட்டுரையை எழுதும்போதே அந்தத் தயக்கம் வந்தது. ஆனால் பேராசிரியர் வீட்டிலும் நடக்கிறது, லயத்திலும் நடக்கிறது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். ஒன்றை மறைத்தால்தான் மற்றதைச் சொல்ல முடியும் என்று யார் சொன்னது?

சட்டமும் அரசும்கூட சாம்சனைத் தேடுகிற கண்ணோடுதான் ரொம்ப நாள் இருந்தன. நெருங்கிய இரத்த உறவுக்குள் நடப்பதைத் தனிக் குற்றமாக நமது தண்டனைச் சட்டக்கோவை சேர்த்துக்கொண்டதே 1995இல் வந்த திருத்தத்தில்தான். 2013இல், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகக் கூடாது என்று விதி வந்தது. பிறகு அது தளர்ந்தது. எங்கள் ஊர்களிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் போன அம்மாக்கள் நிறையப் பேர். பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் "அம்மா விட்டுட்டுப் போனதால" என்கிறார்கள். அம்மா போனாள், சரி. வீட்டில் இருந்தது யார்? அந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் பாட்டிமார் எங்களுக்குச் சொன்ன எச்சரிக்கைகளை யோசித்துப் பாருங்கள். வேன்காரன்கிட்ட போகாத, சாமான் விக்க வர்றவன்கிட்ட பேசாத, தேயிலை மலைக்குள்ள தனியா போகாத. எல்லாம் வெளியாள். மடியில் உட்கார வைக்கிற மாமாவைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. தன் அப்பாவின் வீட்டில் அந்த நாவலின் சிறுமிக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே, படிக்கலாமா? படிக்கலாம் என்றுதான் சொல்வோம். மொழி அழகானது. சில இடங்களில், முக்கியமாகக் கண்டியைப் பற்றி எழுதும்போது, வெளிநாட்டு வாசகருக்காக மழையையும் மாம்பழத்தையும் கொஞ்சம் கூடுதலாக அடுக்கியது போல இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நம் முன்முடிவுகளைப் பிடித்து ஆட்டுகிற நாவல்கள் அதிகம் இல்லை. இது ஆட்டியது. ஆனால் இதுதான் முழு உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது ஒரு பெண்ணின் கதை, அதுவும் கற்பனைக் கதை. பிழைத்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையின் தலையைத் தடவித் தூங்க வைக்கிற பெண்கள் நம் லயங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் நாவல் எழுதவில்லை என்பதால் அவர்கள் இல்லை என்று ஆகிவிடாது.

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்த பிள்ளைக்கோ இப்படி ஏதாவது நடந்தால், நடந்துகொண்டிருந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. அதற்கு முன்னால் நம்புகிற ஒரு ஆளிடமாவது சொல்லுங்கள். முதலில் சொன்ன ஆள் "வெளிய சொல்லிறாத" என்றால் இரண்டாவது ஆளிடம் சொல்லுங்கள். எங்கள் தோழி எங்களிடம் சொன்னது பன்னிரண்டு வருஷம் கழித்து.

பிரதி இப்போது எங்களிடம்தான் இருக்கிறது. அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறோம். கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறோம், ஆனால் ஒரு நிபந்தனை. தனியாகப் படிக்கத் தர மாட்டோம். இரண்டு பேராக வாருங்கள், மாறி மாறிப் படியுங்கள், முடித்ததும் பேசுங்கள். அவளும் போன வாரம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். இந்த முறை எங்களில் ஒருவர் கூட உட்கார்ந்து படிக்கிறார்.